மயிலாங்காடு பங்களாவில் பெண் பார்த்தது

கணபதி, கோவை
29.1.1996

மஸ்கட்டில் இருக்கும் என் மாமாவுக்கு, கணபதியிலிருந்து மாசாணி கும்பிட்டு எழுதுவது.

இங்கே நானும் மதிவதனியும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்கு நேர் கீழே கையெழுத்து, நடுவில் ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டுகிற கைக்கு ஒரு பேனா பாரமாக இருக்கிறதா என்று பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அங்கே நோன்பு மாதம், வேலை நேரம் குறைவாக இருக்கும் என்று அக்கா சொன்னார்கள். அப்படியானால் கொஞ்சம் கூடுதலாக எழுதலாமே.

எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பட்டறையில் மோட்டார் காயில் சுற்றுகிற பெண்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அவர்கள் பங்கும் என் தலையில். கை பாட்டுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றுகிறது, மனசு வேறு எங்கோ சுற்றுகிறது. நேற்று எண்ணிக்கை தப்பி ஒரு காயிலைப் பிரித்து மறுபடி சுற்றினேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. காரணம் இருக்கிறது.

மதிவதனிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. தரகர் ராமுலு கொண்டுவந்தார். பையன் பெயர் தமிழ்வேந்தன், பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா பாலுசாமி, தபால்காரராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவர். அம்மா பூவாத்தாள் வீட்டோடு இருக்கிறவர். நம் சனம்தான். அவர்களும் நம்மைப் போலப் பண்ணையத்தில் கிடந்தவர்கள், பாலுசாமி காக்கிச் சட்டை போட்ட பிறகுதான் குடும்பம் தலை நிமிர்ந்திருக்கிறது. ஜாதகம் பொருந்துகிறது. பையன் போட்டோவை உங்கள் மகளிடம் கொடுத்தேன். பார்த்தாள், ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டாள். ஆனால் போட்டோவை இன்றுவரை திருப்பித் தரவில்லை. அதிலிருந்து நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து பெண்ணை உட்காரவைத்து, பலகாரம் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போகிற பழக்கம் பாலுசாமிக்குப் பிடிக்காதாம். பொது இடத்தில் பார்ப்போம், ஒத்து வராவிட்டால் இரண்டு பக்கமும் தலைகுனிவு இல்லை என்றாராம். நல்ல மனுஷன் என்று எனக்கு அப்போதே மதிப்பு வந்துவிட்டது. ஈச்சனாரி கோயிலா, வ.உ.சி. பூங்காவா என்று ராமுலுவிடம் கேட்டேன். அதெல்லாம் இல்லை, அவர் மயிலாங்காடு பங்களா என்கிறார் என்றார்.

இந்த வரியை இரண்டு தடவை படிப்பீர்கள் என்று தெரியும். ஆமாம், அதே பங்களாதான்.

எஸ்டேட்டை ஆண்ட பண்ணாடியின் பேரன்கள் மெட்ராஸ், அமெரிக்கா என்று போய்விட்டார்களாம். ஒரு பேரனின் சம்சாரம் மட்டும் அங்கே தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் போட்டு வீட்டையும் தோட்டத்தையும் காட்டையும் சனங்களுக்குத் திறந்துவிடுகிறாராம். பேப்பரில் படத்தோடு வந்ததாம். பாலுசாமி அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. நல்ல காரியத்தை நல்ல இடத்தில் தொடங்கலாம் என்று ஆசைப்படுகிறார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறேன்? கல்யாணமாகி வந்து, உங்களோடு அந்த எஸ்டேட் கூலிக்காரர் சாளையில் குடியிருந்து, விடியும் முன்னால் அந்த வாசலைக் கூட்டினேன் என்று தரகரிடம் சொல்ல முடியுமா? மதிவதனிக்கே தெரியாது. நம் ஊர் ஆலாந்துறைப் பக்கம் என்று மட்டும்தான் நாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். அதனால் சரி என்று தலையாட்டிவிட்டேன். தை கடைசி ஞாயிறு போகிறோம்.

தலையாட்டிய நாளிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே எழுந்து எழுந்து வந்து எழுதுகிறேன். ஒரு தடவை பால் பார்க்க, ஒரு தடவை கொடியில் துணி பார்க்க. இரண்டும் சும்மா. உங்கள் பதில் தபாலில் வந்து சேர நாளாகும். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே, குல்சும் அக்கா வீட்டு நம்பருக்குப் போன் போடுங்கள். போகாதே என்றால் உடம்பு சரியில்லை என்று சொல்லி நிறுத்திவிடுகிறேன்.

உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்
மாசாணி

கணபதி, கோவை
13.2.1996

அன்பான மாமாவுக்கு மாசாணி எழுதுவது. எல்லாரும் சுகம். பதற்றப்படும்படி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் பேசியதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் இரண்டே வார்த்தைதான் மிஞ்சுகிறது. "அங்கயா" என்று கேட்டீர்கள். பிறகு லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. கடைசியில் "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டீர்கள். இஷ்டம் என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால் உங்களைப் போன் போடச் சொல்லியிருப்பேனா? கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ராத்திரி பசித்தது, குல்சும் அக்கா கொடுத்துவிட்ட நோன்புக் கஞ்சியைக் குடித்தேன்.

போனோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கோபப்படாமல் படியுங்கள்.

நானும் மதிவதனியும் ராமுலுவும் காந்திபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஆலாந்துறை தாண்டி இறங்கினோம். பெருந்துறைக்காரர்கள் முன்பே வந்து கேட்டில் நின்றார்கள். பாலுசாமி ஒல்லியான மனுஷர், வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு. பூவாத்தாள் அண்ணி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பையன் போட்டோவில் இருப்பதைவிடக் கறுப்பு, போட்டோவைவிட நல்ல முகம். பாலுசாமியே எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கேட்டிலிருந்து வீடுவரை இரண்டு பக்கமும் மாமரம், பூத்து மணக்கிறது. இடது பக்கம் ரோஜாத் தோட்டம், அதைத் தாண்டி அல்லிக் குளம், கண்ணாடிக் கொட்டகையில் தொங்குகிற பெரணிச் செடிகள். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் ஒரு சருகு கிடந்தால் என் கண் அதில்தான் போய் நிற்கிறது. யார் கூட்டினார்களோ, மூலையை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்த பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது. நம் சாளை வரிசை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். மதிவதனி அதன் மேல்தான் நடந்து வந்தாள்.

வீட்டுக்கு முன்னால் வட்டமாகப் பொடிக்கல் கொட்டின வாசல். அதன் ஓரத்தில் அந்த வேப்பமரம். மதிவதனியும் பையனும் ஆளுக்கொரு பக்கம் வெட்கப்பட்டுக்கொண்டு ராமுலுவோடு முன்னால் போய்விட்டார்கள். வாசல்படியில் மரத்தட்டு வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் எல்லாரும் செருப்பை அதில் விட்டு உள்ளே போகிறார்கள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் வந்தோம். வேப்பமரத்தடிக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. சத்தியமாக நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. செருப்பைக் கழற்றி வேருக்குப் பக்கத்தில் விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பாலுசாமியும் கழற்றுகிறார். அண்ணியும் கழற்றிவிட்டார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. மூன்று பேரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம், சமையல்கட்டு வாசலில் போய் நின்றோம்.

மாமா, நான் போனதற்காவது காரணம் உண்டு, எனக்கு அது பழகின வழி. அந்த மனுஷர் அந்த வீட்டைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கு வழி தெரிந்திருந்தது. காக்கிச் சட்டை போட்டுக் கையில் தபால் இருந்திருந்தால் முன்வாசலில் நின்று "சார், போஸ்ட்" என்று கூப்பிட்டிருப்பார். அன்றைக்கு டிக்கெட்டுதான் இருந்தது, அது அவருக்குப் போதவில்லை.

பின்வாசலும் பொடிக்கல்தான். வெயில் ஏறிவிட்டது, கால் கொதிக்கிறது. யாரும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். நல்ல மாதிரி, சின்ன வயசு. "ஏனுங்க, இது சமையல்கட்டுப் பக்கமுங்க. முன்னால வாங்க, கதவு எல்லாருக்கும் தொறந்துதானுங்க இருக்குது" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அப்படிச் சொன்னதும் பாலுசாமி முகம் செத்துப்போயிற்று.

அதே நேரம் உள்ளே பிள்ளைகள் எங்களைத் தேடியிருக்கிறார்கள். மதிவதனி பிறகு சொன்னது இது. சாப்பாட்டு அறை ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டுப் பையன் வெளியே போனானாம். இவளும் பின்னாலேயே போயிருக்கிறாள். வேப்பமரத்தடியில் குனிந்து அப்பா செருப்பையும் அம்மா செருப்பையும் எடுத்துக்கொண்டு, மீதியிருந்த ஜோடியைக் காட்டி, "இது உங்கம்மாதுங்களா?" என்று கேட்டானாம். இவள் ஆமாம் என்று அதை எடுத்துக்கொண்டாளாம். அவர்கள் இரண்டு பேரும் முதல் முதலில் பேசிக்கொண்டது அதுதான்.

பிறகு இரண்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசல் ஏறி, கூடத்துக்குள் புகுந்து, பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவில் நடந்து, சுவரில் மாட்டின காட்டெருமைத் தலைக்குக் கீழே, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, சமையல்கட்டு வழியாக எங்களிடம் வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். யார் வீடாக இருந்தாலும் செருப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்களா? பையன் அப்பாவின் காலடியில் செருப்பை வைத்து, "கல்லு சுடுதுங்கப்பா, போட்டுக்கோங்க" என்றான்.

பாலுசாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். "டேய், யாரு ஊட்டுக்குள்ள எதைத் தூக்கிட்டு வாரே? உனக்கு அறிவிருக்குதா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அந்த வீட்டு அம்மா பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க என்று அவரைச் சமாதானப்படுத்தினார். அவர் அந்தச் செருப்பைத் தொடவில்லை. அண்ணி அவசரமாகத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அந்தப் பின்வாசலில் செருப்புக் காலோடு நிற்கும்போது யாராவது அதட்டுவார்களோ என்று முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

காரியம் கெட்டுவிடக் கூடாதென்று ராமுலு வாயால் பந்தல் போட்டார். காட்டைப் பார்த்துவிட்டு வரலாம், காற்றாட நடக்கலாம் என்று எங்களை ஓட்டிக்கொண்டு போனார். தேக்கங்காடு, உங்களுக்குத் தெரியும். இப்போது இலையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது, காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பாலுசாமி வெறுங்காலோடு முன்னால் நடக்கிறார். பையன் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, இவன் கீழே வைக்கவில்லை. அப்பனும் மகனும் அப்படியே ஈட்டி மரங்களைத் தாண்டி, மூங்கில் புதரைத் தாண்டி, யானை வராமல் வெட்டிய அகழிவரை போனார்கள். நடுவில் அவருக்கு முள் குத்திவிட்டது. ஒரு கல்லில் உட்கார, அண்ணி தாலிக்கொடியிலிருந்து ஊக்கை எடுத்து முள்ளைப் பிடுங்கினார். அப்போதும் போட்டுக்கொள்ளவில்லை. மயில் ஒன்று குறுக்கே போயிற்று. ராமுலு மட்டும் ஆகா என்றார்.

மதிவதனி அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நடந்தாள். என்னவோ பேசிக்கொண்டார்கள். வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கலாமே, ஏன் உள்ளே வந்தீர்கள் என்று கேட்டாளாம். "சுத்திப் போக எனக்குத் தோணலீங்க" என்றானாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள். பிறகு, "நீ ஏம்மா பின்னாடி போனே?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் நிழலாக இருந்தது என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. உங்கள் மகளுக்கும் பிடித்துவிட்டது, சொல்லத் தேவையில்லை. பாலுசாமிதான் விடைபெறும்போது கும்பிடுகூடப் போடவில்லை. என்ன ஆகுமோ தெரியவில்லை. சின்ன மணி அடித்தாலும் ராமுலுவின் சைக்கிளோ என்று ஓடிப் பார்க்கிறேன்.

பதில் எழுதுங்கள். உங்கள் இஷ்டம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

மாசாணி

கணபதி, கோவை
4.3.1996

என் மாமாவுக்கு மாசாணி எழுதுவது.

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பெருநாளன்று போன் போடுவீர்கள் என்று குல்சும் அக்கா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வீட்டுச் சனமெல்லாம் வந்து பிரியாணி சாப்பிட்டுப் போயிற்று, எனக்கும் ஒரு தட்டு. போன் மட்டும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் ரூம் நண்பருக்கு அவர் வீட்டிலிருந்து போன் பேசியபோது நீங்கள் வேலைக்குப் போய் வருவதாகச் சொன்னாராம். அதனால் சுகம்தான் என்று தெரிந்துகொண்டேன். சுகமாக இருந்துகொண்டே எழுதவில்லை என்றும் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் ராமுலு வந்தார். ஒத்து வராது என்று பாலுசாமி சொல்லிவிட்டாராம். ஜாதகமா, பெண்ணா, குடும்பமா என்று கேட்டால் பதில் இல்லையாம். மதிவதனி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. வெளியே வந்து என் எதிரில் நின்று, "அவரு அன்னிக்குச் செஞ்சது தப்புன்னா நான் செஞ்சதும் தப்புதான். ரெண்டு பேரையும் சேர்த்தே வேண்டாம்னு சொல்லிட்டாங்க, சரி. இனிமே எனக்கு வேற யாரையும் பார்க்காதே" என்றாள். நம் பெண் எடுத்தெறிந்து பேசுகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தை என்னை உட்காரவிடவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறைச் சாமான் வாங்க என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். பெண் வீட்டுக்காரி தனியாகப் போய்க் கேட்பது முறையில்லை என்று தெரியும். முறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் மகள் வாழ்க்கை போய்விடும். பூவாத்தாள் அண்ணி கதவைத் திறந்தார், கண் கலங்கித் தண்ணீர் கொடுத்தார். அப்பனும் மகனும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசிக்கொள்வதில்லை, சாப்பாடு வெவ்வேறு நேரம் என்றார். பாலுசாமி என்னைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். அவர் தென்னைக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி நின்றார். குழாயில் தண்ணீரே வரவில்லை.

எங்கள் மேல் என்ன குறை அண்ணா என்று கேட்டேன். உங்க மேல ஒரு குறையும் இல்லீங்க என்றார். பிறகு தென்னையைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் மழையிலயும் வெயில்லயும் சைக்கிள் மிதிச்சு அவனைப் படிக்க வெச்சதே, எந்தப் பெரிய ஊட்லயும் எம் பையன் செருப்புத் தூக்கி நிக்கக் கூடாதுன்னுதானுங்க. அவன் அதையே செஞ்சுபோட்டான். அந்தம்மா பார்த்தாங்க, காலேஜ் புள்ளைக பார்த்தாங்க, நீங்க பார்த்தீங்க. செருப்புத் தூக்கறவன் பையன், அவனும் தூக்கறான்னுதானே எல்லாரும் நெனைப்பாங்க? உங்க ஊட்டுக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சம்பந்தம் பேச வாரது?"

மாமா, எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் எல்லாரும் அவர் கோபப்படுகிறார் என்று நினைத்தோம். அவர் கூனிக் குறுகிப்போய் நின்றிருக்கிறார்.

அவருக்கு நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். அண்ணா, உங்கள் பையன் யாரோ பண்ணாடியின் செருப்பைத் தூக்கவில்லை, உங்கள் செருப்பைத் தூக்கினான், அதுவும் முன்வாசல் வழியாக என்றேன். என் மகளும் என்னுடையதைத் தூக்கினாள், அவளை நான் என்ன செய்யட்டும் என்றேன். அப்புறம், இத்தனை வருஷம் வாயைத் திறக்காததைத் திறந்துவிட்டேன். நீங்களாவது தெரியாமல் பின்பக்கம் போனீர்கள், நான் தெரிந்தே போனேன், அந்த வாசலைக் கூட்டினவள் நான், அந்த எஸ்டேட் சாளையில் குடியிருந்தவள் என்றேன். சொன்ன பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க ஊட்டுக்காரரும் அங்க இருந்தவருங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும், எழுதுவார் என்றேன். "நான் ஊரெல்லாம் தபால் குடுத்தவன். எனக்குன்னு வந்த தபால் கம்மிங்க. எழுதட்டும், பார்க்கறேன்" என்றார். உள்ளே போய் அண்ணியிடம் எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையன் வந்து ஏற்றிவிட்டான். என்னை அத்தை என்று கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து மதிவதனியிடமும் சொல்லிவிட்டேன். நான் கூட்டினதை மட்டும் சொன்னேன், உங்களைப் பற்றி அல்ல. அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவளிடமும் அதையேதான் சொன்னேன், அப்பா எழுதுவார் என்று.

என்மேல் கோபம் வேண்டாம். உங்கள் வாழ்க்கையை எடுத்து ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதனால்தான் உங்களுக்கென்று மிச்சம் வைத்தேன். மாமனார் செத்துக் காரியம் முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டு என்றீர்கள், கட்டினேன். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. பங்களாவில் அரைக்கால் சட்டை போட்ட பொடியன்கள்கூட அவரை "டேய் சடையா" என்று கூப்பிடுவதை நானும் காதால் கேட்டிருக்கிறேன். அவர் பெயர் வேறு யார் வாயிலும் வரக்கூடாது என்றுதானே நீங்களும் உங்கள் வாயில் அதை எடுப்பதில்லை? நம் மகளுக்குத் தாத்தா பெயர் ரேஷன் கார்டில் ஒரு எழுத்தாகத்தான் தெரியும்.

பாலுசாமி அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் மாமா. விலாசம் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், முதல் வரியை நானே சொல்கிறேன். "மயிலாங்காட்டுச் சாளையில் பிறந்த, சடையன் மகன் காளிச்சாமி எழுதுவது" என்று தொடங்குங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதை எழுதினாலும், ஒன்றுமே எழுதாவிட்டாலும், அந்த மனுஷர் புரிந்துகொள்வார். முடிந்தால் அதே வரியை இன்னொரு தாளில் எழுதி உங்கள் மகளுக்கும் அனுப்புங்கள்.

அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை பாருங்கள். அந்த மாசாணியம்மன் உங்கள் கைக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

உங்கள் மனைவி, சடையன் மருமகள்
மாசாணியம்மாள்